சிக்குக் கோலத்தில் கணக்கு, அறிவியல், வடிவமைப்பு: 6 முதல் 8ஆம் வகுப்புக்கு ஆறு பாடவேளை வழிகாட்டி

ஓவியத்தை மற்றப் பாடங்களோடு சேர்த்து நடத்துவதாகச் சொல்லிவிட்டு, பின்னங்கள் பற்றிய சார்ட்டின் ஓரத்தில் நாலு பூ போடச் சொல்வதுதான் பல வகுப்பறைகளில் நடக்கிறது. பூவை எடுத்துவிட்டாலும் பின்னத்துக்கு ஒன்றும் ஆகாது. பின்னத்தை எடுத்துவிட்டாலும் பூ அப்படியே இருக்கும். அது வெறும் ஜோடனை. எண்ணை மாற்றினால் படமே மாற வேண்டும், படத்தை மாற்றினால் கணக்கு மாற வேண்டும். அப்போதுதான் இரண்டு பாடமும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதாகப் பொருள்.

புள்ளியைச் சுற்றி இழை நெளிந்து போகும் சிக்குக் கோலம் (சில ஊர்களில் கம்பிக் கோலம், நெளிக் கோலம்) இதற்கு நன்றாகக் கைகொடுக்கும். மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு புள்ளி என்றால் முழுக் கோலமும் ஒரே இழையில் முடியும். மூன்றுக்கு மூன்று என்றால் அதே முறையில் எங்கே தொடங்கினாலும் மூன்று தனித்தனி இழைகள்தாம் வரும். ஏன் என்ற கேள்வி மாணவர் வாயிலிருந்தே வரும். பதில் ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது.

கீழே உள்ளது 40 மாணவர், எட்டுக் குழு, 45 நிமிடப் பாடவேளை என்ற கணக்கில் போட்டது.

முன்னேற்பாடு

ஆளுக்கு ஒரு 1 செ.மீ. கட்டம் போட்ட நோட்டு, பென்சில், நல்ல ரப்பர், வேறுவேறு நிறத்தில் நான்கு கலர் பென்சில். ஐந்தாம் பாடவேளைக்கு வழவழப்பில்லாத வெள்ளை டிராயிங் தாள், மஞ்சள் தூள், துணி சோப்பு, காது குடையும் பஞ்சுக் குச்சி, இரண்டு எலுமிச்சை. தரைக்கோலத்துக்குக் கோலப்பொடியோ பச்சரிசியோ, சாக்பீஸ், சணல் கயிறு, டேப்.

ஸ்கெட்ச் பேனாவை முதல் மூன்று பாடவேளைக்குக் கண்ணில் காட்ட வேண்டாம். அழிக்க முடியாத கோடு கையில் இருந்தால் பிள்ளைகள் தப்பை மறைக்கப் பார்ப்பார்களே தவிரத் தேட மாட்டார்கள்.

"கோலம் பொம்பளைப் பிள்ளைங்க வேலை சார்" என்று ஒரு குரல் முதல் நாளே வரும். அதற்கு விளக்கம் சொல்லி நேரத்தைக் கரைக்காமல் குழுக்களைக் கலந்து உட்கார வைத்துவிடுங்கள். கோலம் போடும் வழக்கமே இல்லாத வீட்டுப் பிள்ளைகளும், வீட்டில் துக்கம் நடந்ததால் இப்போது போடக்கூடாது என்றிருக்கும் பிள்ளைகளும் வகுப்பில் இருக்கலாம். ஆகவே பாடத்தைப் "புள்ளியும் இழையும்" என்று அறிமுகப்படுத்தி, தாளில் தொடங்குவது நல்லது. அங்கோலாவின் சோக்வே மக்கள் மணலில் புள்ளி வைத்து வரையும் 'சோனா' படங்களில் இதே அமைப்பு உண்டு. பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவிலும் விரலை எடுக்காமல் மணலில் கோடிழுக்கும் மரபு இருக்கிறது. சமூக அறிவியல் ஆசிரியரிடம் உலகப் படத்தை வாங்கி இந்த மூன்று இடங்களையும் காட்டினால் பத்து நிமிடத்தில் அந்தப் பாடத்தையும் தொட்டாயிற்று.

முதல் பாடவேளை: பெருக்கல் குறி முறை

வீட்டில் பார்த்துப் பழகிய பிள்ளைக்குக் கை தானாக ஓடும். பழகாதவருக்கு "புள்ளியைச் சுற்றி வளைச்சு வா" என்றால் ஒன்றும் விளங்காது. இரு தரப்புக்கும் ஒரே வழி இது:

1. 2 செ.மீ. இடைவெளியில் புள்ளிகளை வையுங்கள். முதல் பயிற்சிக்கு 1-3-1: நடுவில் ஒன்று, மேலும் கீழும் இடமும் வலமும் ஒவ்வொன்று.

2. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டுக்கும் சரிநடுவே சின்னதாக ஒரு × போடுங்கள். இடம்-வலம், மேல்-கீழ் இரண்டும் சேர்த்தி. மூலைவாட்டில் உள்ளவை கணக்கில் இல்லை. 1-3-1இல் நான்கு × வரும்.

3. ஒவ்வொரு × குறியின் கையும் பக்கத்து × குறியின் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவற்றை நேராக இணையுங்கள்.

4. ஓரப் புள்ளியின் வெளிப்பக்கத்தில் இணைக்க × இருக்காது. அங்கே கோடு புள்ளியைச் சுற்றி வளைந்து மறுபக்கத்துக் கையைப் பிடிக்க வேண்டும். செவ்வகத்தின் மூலைப் புள்ளி என்றால் அரை வட்டம்; 1-3-1இன் ஓரப் புள்ளிபோல் பக்கத்தில் ஒரே ஒரு × என்றால் முக்கால் வட்டம்.

1-3-1இல் நான்கு இதழ்ப் பூ வரும். விரலை ஓர் இடத்தில் வைத்து ஓட்டிப் பார்த்தால் ஐந்து புள்ளியையும் சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே திரும்பும்; ஒரே இழை. அடுத்து 2×3 போடச் சொல்லுங்கள். ஏழு × வர வேண்டும்.

இங்கே தப்பு வருவது மூன்று இடத்தில். × குறியின் கை நீளமாகிப் புள்ளியைத் தொட்டுவிடும், 2 செ.மீ. இடைவெளியில் ஒவ்வொரு கையும் 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. மூலைப் புள்ளியைச் சுற்றாமல் குறுக்கே வெட்டிவிடுவார்கள், புள்ளி வெளியே நின்றுவிடும். மூன்றாவது, சந்திப்பில் வந்த கோடு நேராகப் போகாமல் திரும்பிவிடும். இதுதான் பெரிய தொல்லை, ஏனென்றால் படம் பார்க்க அழகாகவே இருக்கும். மறுநாள் எண்ணும்போதுதான் குட்டு உடையும்.

இரண்டாம் பாடவேளை: இழைகளை எண்ணுதல்

எட்டுக் குழுக்களுக்கும் குழுவுக்கு ஒரு செவ்வகம்: 2×2, 2×3, 2×4, 3×3, 3×4, 3×6, 4×4, 4×6. பென்சிலில் போட்டு முடித்ததும் ஒரு கலர் பென்சிலை எங்காவது வைத்து, தொடங்கிய இடத்துக்கு வரும்வரை இழையின் மேலேயே ஓட்ட வேண்டும். நிறம் படாத கோடு மிச்சமிருந்தால் அடுத்த நிறம். எத்தனை நிறம் செலவானதோ அத்தனை இழை.

விடைகளைக் கரும்பலகையில் எழுதுங்கள். வரிசைப்படி 2, 1, 2, 3, 1, 3, 4, 2 என்று வர வேண்டும்.

பொதுக் காரணி என்ற சொல்லை நீங்கள் எடுத்துக்கொடுக்கக் கூடாது. பிள்ளைகள் முதலில் "சின்ன எண் எதுவோ அதுதான்" என்பார்கள். 2×4, 3×3, 3×6, 4×4 எல்லாம் அதற்கு ஒத்துப்போகும். 2×3ம் 3×4ம் முரண்டும். "ஒரு எண் இன்னொண்ணால வகுபடலைன்னா ஒரே இழை" என்று அடுத்த ஊகம் வரும். அதைக் கவிழ்க்கத்தான் 4×6. நாலால் ஆறு வகுபடாது, ஆனாலும் இழை இரண்டு. இந்த இடத்தில் வகுப்பைக் கொஞ்சம் திண்டாட விடுங்கள். இரண்டு எண்ணுக்கும் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ அதுவே இழைகளின் எண்ணிக்கை என்பதை யாராவது ஒருவர் பிடித்துவிடுவார். பிடிக்காவிட்டால் இரண்டு எண்களின் காரணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள், போதும்.

ஒரு குழுவுக்கு விடை பிசகினால் "தப்பு" என்று சொல்லாமல் சந்திப்புகளை எண்ணச் சொல்லுங்கள். வரிசைக்குள் உள்ளவை: வரிசைகளின் எண்ணிக்கையை, ஒரு வரிசையின் புள்ளிகளில் ஒன்று குறைத்துப் பெருக்கணும். வரிசைகளுக்கு இடையே உள்ளவையும் அதே மாதிரி. 3×4க்கு 9ம் 8ம் சேர்த்து 17. 4×6க்கு 20ம் 18ம், ஆக 38. எண்ணிக்கை குறைந்தால் ஒரு × விடுபட்டிருக்கிறது. சரியாக இருந்தும் இழை பிசகினால் எங்கோ ஒரு சந்திப்பில் கோடு திரும்பியிருக்கிறது. 4×6ஐப் பொறுமைசாலிகள் உள்ள குழுவுக்குக் கொடுப்பது உங்கள் மண்டைக்கு நல்லது.

ஏன் இப்படி நடக்கிறது என்று கேட்கும் பிள்ளை இருந்தால், 4×6 படத்தில் வலப்பக்கம் 4×4 சதுரத்தைப் பிரித்து ஒரு நிலைக்கோடு போடுங்கள். இடப்பக்கத்திலிருந்து ஓர் இழையைப் பிடித்து அந்தக் கோட்டைத் தாண்டிச் சதுரத்துக்குள் விடுங்கள். உள்ளே நாலு பக்கமும் சுற்றிவிட்டு, நுழைந்த அதே சந்திப்பின் வழியே வெளியே வரும். எந்த இழையை விட்டாலும் இப்படித்தான். ஆக அந்தச் சதுரம் ஒரு சுவர் மாதிரி. வெட்டி எறிந்தாலும் இழை எண்ணிக்கை மாறாது. 4×6 போய் 4×2 ஆகிறது, அதில் 2×2 சதுரத்தை வெட்டினால் மிஞ்சுவது 2×2, இழை இரண்டு. பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துக்கொண்டே போய்ப் பொதுக் காரணி காணும் யூக்ளிடின் முறை இதுதான். எண்ணாகப் பார்த்தால் வறண்டு கிடக்கும் முறை, விரலை ஓட்டினால் புரிகிறது.

மூன்றாம் பாடவேளை: இங்கேதான் ஓவியப் பாடம் தொடங்குகிறது

இதுவரை நடந்தது விதிப்படி வரைதல். வடிவமைப்பு என்பது விதியைத் தெரிந்துகொண்டு தேர்வு செய்வது. சவால் ஒன்று கொடுங்கள்: மூன்று இழை வரும் 3×3ஐ ஒரே இழையாக்கு.

வழி, சந்திப்பைப் பிரிப்பது. × குறியை அழித்துவிட்டு அதன் நான்கு கைகளையும் இரண்டு இரண்டாக வளைத்துச் சேர்க்க வேண்டும். இதை இரண்டு விதமாகச் செய்யலாம். இரு புள்ளிகளுக்கும் நடுவே இரட்டைச் சுவர் எழுப்பலாம். அல்லது சுவரை நீக்கி இரு புள்ளிகளையும் ஒரே அறையில் குடிவைக்கலாம். எதைச் செய்தாலும், சந்திப்பில் குறுக்கிடுவது இரண்டு வெவ்வேறு நிற இழையாக இருந்தால் அவை ஒன்றாகிவிடும். ஒரே நிறம் தன்னையே வெட்டும் இடத்தில் செய்தால் இழை இரண்டாகப் பிளந்துவிடவும் கூடும்.

3×3இல் சந்திப்புகள் 12. நடுப்புள்ளியை ஒட்டி நான்கு, வெளியே எட்டு. உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றும் பிரித்தால் மூன்று இழையும் ஒன்றாகும். ஆனால் படம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்ட மாதிரி இருக்கும், ஏனென்றால் சமச்சீர் போய்விட்டது. நான்கு பக்கமும் ஒரே மாதிரி பிரித்தால் சமச்சீர் கிடைக்கும், இழை எண்ணிக்கை வேறு ஏதாவது ஆகும். ஒன்றை வைத்துக்கொள்ள இன்னொன்றை விட வேண்டியிருக்கலாம். எதை விட்டாய், ஏன் விட்டாய் என்று ஒவ்வொருவரும் படத்தின் கீழ் இரண்டு வரி எழுதட்டும். இந்த இரண்டு வரி தமிழ்ப் பாடத்துக்கும் உதவும். "அழகாக இருக்கிறது என்பதால்" என்ற பதிலை மட்டும் ஏற்காதீர்கள்.

பிறகு கண்ணுக்கான பயிற்சி. புள்ளி உள்ள அறைகளை மட்டும் நிறமிட்டு, புள்ளியில்லாத அறைகளை வெறுமையாக விடச் சொல்லுங்கள். சந்திப்பு எதையும் பிரிக்காத கோலத்தில் நிறமும் வெறுமையும் சதுரங்கப் பலகைபோல் மாறிமாறி வரும்; நிறமிட்ட அறைகள் இரண்டு எங்கேயும் சுவரைப் பகிர்ந்துகொள்ளாது. கோட்டையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை முதல்முறையாகக் கோட்டுக்கு நடுவே உள்ள இடத்தைப் பார்க்கும். நிறமிட்டதும் குறைகள் பல்லிளிக்கும்: ஓர் அறை குண்டாக, ஒன்று நோஞ்சானாக. புள்ளிக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளி எல்லாப் பக்கமும் சமமா என்று அளந்து பார்த்துத் திரும்ப ஒரு முறை போடச் சொல்லுங்கள். முதல் படத்தைக் கிழிக்க விடாதீர்கள். இரண்டையும் ஒட்டி வைத்தால்தான் முன்னேற்றம் தெரியும்.

கணினி ஆசிரியர் ஆர்வமானவர் என்றால் அவரிடம் சொல்ல ஒரு செய்தி: தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து கோல வடிவங்களைக் கணினி இலக்கணமாக எழுதும் ஆய்வை 1974லேயே வெளியிட்டார்கள். இந்த × முறையை அப்படியே நிரலாக்க முடியும்.

நான்காம் பாடவேளை: நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி

இது சுருக்கமாகப் போதும். நேர்ப்புள்ளியில் (புள்ளிக்கு நேரே புள்ளி) 5 வைத்து 1இல் நிறுத்தினால் 1+3+5+3+1 = 13. மேல்பாதி 1+3+5 = 9, அதாவது 3×3; மிச்சம் 3+1 = 4, அதாவது 2×2. 7 வைத்தால் 16ம் 9ம், 25. ஒற்றை எண்களைக் கூட்டினால் வர்க்கம் வரும் என்பதைப் படத்திலேயே பார்க்கலாம்.

ஊடுபுள்ளியில் (இரண்டு புள்ளிக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி) 5 வைத்து 3இல் நிறுத்தினால் 3+4+5+4+3 = 19; நடுவில் ஒன்று, சுற்றி 6, அதைச் சுற்றி 12. ஆறுபக்கச் சமச்சீருக்கு இதுதான் வேண்டும். ஆனால் கட்ட நோட்டில் போட்டால் அறுகோணம் நெட்டையாகிவிடும், ஏனென்றால் வரிசைகளின் இடைவெளி புள்ளிகளின் இடைவெளியைவிடக் குறைவாக, 0.87 மடங்கு இருக்க வேண்டும். புள்ளிக்குப் புள்ளி 4 செ.மீ. என்றால் வரிசைக்கு வரிசை 3.5 செ.மீ. வையுங்கள், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

ஐந்தாம் பாடவேளை: மஞ்சள் தாளில் சோப்புக் கோடு

100 மி.லி. தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி மஞ்சள் தூள் கலந்து, துணியில் வடிகட்டி, டிராயிங் தாளில் அகலத் தூரிகையால் பூசி முந்தின நாளே காயவிடுங்கள். மஞ்சளின் நிறப்பொருள் தண்ணீரில் சரியாகக் கரையாது. வடிகட்டாமல் பூசினால் தாள் சொரசொரவென்று திட்டுத்திட்டாக இருக்கும். வழவழப்பான சார்ட் தாள் மஞ்சளை உறிஞ்சாது.

கட்டைவிரல் அளவு துணி சோப்பைச் சீவி 50 மி.லி. வெதுவெதுப்பான நீரில் கரையுங்கள். புள்ளிகளை மட்டும் பென்சிலில் வைத்துக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் 3×4 கோலத்தை ஒரே இழையாக இழுக்க வேண்டும். குச்சி பட்ட இடம் மஞ்சளிலிருந்து செம்பழுப்பாக மாறிக்கொண்டே வரும், கோடு தானே முளைத்து வருகிற மாதிரி. ரப்பர் இல்லை, × குறி இல்லை. மூன்று நாள் பழகிய கை இங்கேதான் சோதனைக்கு வருகிறது.

மஞ்சள் ஒரு நிறங்காட்டி: காரம் பட்டால் சிவக்கும், அமிலம் பட்டால் மஞ்சளாகவே இருக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து ஆரத்தி சிவப்பாவதும் இதனால்தான். (வகுப்பில் சுண்ணாம்பு வேண்டாம், கண்ணில் தெறித்தால் ஆபத்து.) கோடு பிசகிய இடத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு வைத்தால் மறுபடி மஞ்சளாகும், சுவடு கொஞ்சம் நிற்கும். எலுமிச்சையை "அழிரப்பர்" என்று கொடுத்துவிட்டு ஏன் அழிகிறது என்று எழுதச் சொன்னால் நடுநிலையாக்கல் பாடம் முடிந்தது.

தாள் ஈரமாக இருந்தால் கோடு பரவிக் கசியும். சோப்புக் கையோடு தாளைத் தொட்டால் கைரேகை சிவப்பாக விழும். பஞ்சுக் குச்சி ஒரு கை, தாளைப் பிடிப்பது மறு கை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெள்ளைச் சீருடை என்றால் வீட்டிலிருந்து பழைய சட்டை கொண்டுவரச் சொல்ல மறக்காதீர்கள்; மறந்தால் மறுநாள் பெற்றோர் வந்து நிற்பார்கள்.

ஆறாம் பாடவேளை: தரை

2 செ.மீ. இடைவெளியில் போட்டதை 15 செ.மீ.க்குப் பெரிதாக்குங்கள், ஏழரை மடங்கு. பெரிதாக்கும்போது சதுரம் சாய்வதுதான் பொதுவான கோளாறு. சாக்பீஸில் ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கம் 45 செ.மீ., மறுபக்கம் 60 செ.மீ. அளந்து, இரண்டு முனைக்கும் நடுவே 75 செ.மீ. இருக்கிறதா என்று கயிறு பிடித்துப் பாருங்கள். இருந்தால் மூலை செங்கோணம்.

பொடி எவ்வளவு வாங்குவது? ஒரு புள்ளிக்கு ஆகும் இழை, புள்ளி இடைவெளியைப்போல் ஏறக்குறைய 2.8 மடங்கு. 3×4க்கு 12 புள்ளி, 15 செ.மீ. இடைவெளி: சுமார் 5 மீட்டர். ஒரு மீட்டர் கோடு போட்டு, பொட்டலத்தை முன்னும் பின்னும் எடைபோட்டு, எட்டுக் குழுவுக்கும் தேவையானதை மாணவர்களே கணக்கிடட்டும். அதன் பிறகே கடைக்கு ஆளனுப்புங்கள்.

சிமெண்டுத் தரையில் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டுப் பொடி போட்டால் காற்றில் பறக்காது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பொடியைப் பிடித்து, தரைக்கு ஓர் அங்குல உயரத்தில் கையை நகர்த்திக்கொண்டே விட வேண்டும். கை நின்றால் அந்த இடத்தில் குவியும். வேகமானால் கோடு அறும். கல்மாவுப் பொடியை வாயால் ஊத விடாதீர்கள், தூசு மூச்சில் போகும்.

அரிசி மாக்கோலம் போடுவதென்றால் பச்சரிசியை 2, 3 மணி நேரம் ஊறவைத்து நைசாக அரைத்து, மோர்ப் பதத்துக்குக் கரைத்து, சின்னத் துணியை நனைத்துப் பிழிந்தபடி மோதிர விரலால் கோடு இழுக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது மாக்கோடு மங்கலாகத்தான் தெரியும், காய்ந்த பிறகே வெளுக்கும். இதைச் சொல்லாவிட்டால் பிள்ளைகள் தெரியவில்லையே என்று இரண்டாம் முறை, மூன்றாம் முறை பூசிக் கோட்டைத் தடித்துவிடுவார்கள்.

மதிப்பிடும்போது

ஓவியத்துக்கும் கணக்குக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண் போடாதீர்கள். இழையை அழகாக இழுத்துவிட்டுப் பொதுக் காரணியைக் கோட்டைவிட்ட பிள்ளையும், கணக்கைப் பிடித்துவிட்டுக் கோடு நடுங்கும் பிள்ளையும் அந்த ஒரே எண்ணுக்குள் காணாமல் போய்விடுவார்கள். ஓவியத்தில் பார்க்க வேண்டியவை: கோட்டின் தடிமன் முழுக்க ஒன்றாக இருக்கிறதா, மூலை வளைவுகள் நான்கும் ஒரே அளவா, மூன்றாம் பாடவேளையில் எழுதிய இரண்டு வரியும் படமும் ஒத்துப்போகின்றனவா. கணக்குக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: 6×9இல் எத்தனை இழை வரும்? வரையும் முன்பே விடையை எழுதி மடித்துக் கொடுக்கட்டும். வரைந்து பார்த்தால் 93 சந்திப்பு. ஒரு சனி, ஞாயிறுக்கு வேலை இருக்கிறது.

மஞ்சள் தாள்களைச் சன்னல் ஓரமாக மாட்டாதீர்கள். வெயில் பட்டால் மஞ்சள் சீக்கிரம் வெளுத்துவிடும். உள்சுவரில் மாட்டினாலும் சிவப்புக் கோடு நாளாக நாளாகப் பழுப்பேறும். முடித்த அன்றே படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.